ஒரு தொட்டி நல்ல தண்ணீர்

ஒரகடத்தில் இருந்த வீட்டை விற்க முடிவு செய்தபோது ஒரு திருட்டுத்தனம் செய்தேன். எங்கள் போர் தண்ணீர் ஒரே உப்பு. வீடு பார்க்க ஆள் வரும் நாளில் தொட்டியைக் காலி செய்து, லாரித் தண்ணீரை நிரப்பி வைத்தேன்.

வந்தவர்கள் திருநெல்வேலிப் பக்கத்து இளம் தம்பதி. மாசமாய் இருந்த அந்தப் பெண் சமையலறைக் குழாயில் கையேந்திக் குடித்தாள். முகமே மலர்ந்துவிட்டது. "எங்க ஊர்த் தண்ணி மாதிரில்லா இருக்கு! இந்த வீடே போதும்க்கா."

எனக்கு மனசு கேட்கவில்லை. "அது லாரித் தண்ணிம்மா. போர்ல உப்புத் தண்ணிதான் வரும். உன்ன ஏமாத்தப் பாத்தேன்."

குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். "இப்ப இருக்க வாடகை ரூம்லயும் உப்புதான்க்கா. அந்த வீட்டுக்காரங்க சொல்லவே இல்ல. நீங்க சொல்லிட்டீங்கல்லா" என்றாள்.

அவர்களே வாங்கினார்கள். சாவி கொடுத்த அன்றும் லாரியை வரவழைத்துத் தொட்டியை நிரப்பினேன். இந்த முறை அவளிடம் சொல்லிவிட்டு.