தலைகீழாக மேய்ந்த எருமை

போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஓர் எருமை தலைகீழாக மேய்வதைப் பார்த்தேன்.

நம்புங்கள். கால்கள் மேலே, முதுகு கீழே. அதற்கும் கீழே ஆகாயம் - வெளுத்து, அடி தெரியாமல். சமணர் மலை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எருமைக்கு இதிலெல்லாம் கவலை இல்லை. வாலை ஆட்டியபடி மேய்ந்துகொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க, நான்தான் தலைகீழாக நிற்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"போதும் சார், நாங்க ரீடிங் எடுக்கணும்" என்றது ஒரு குரல்.

கண்ணை எடுத்தேன். உலகம் சட்டென்று நிமிர்ந்துகொண்டது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

விஷயம் இதுதான். மதுரைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் கோடை முகாம். அதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போயிருந்தேன். கல்லூரி மாணவர்கள் லீவுக்குப் போய்விட்ட விடுதிகளில் தங்கல். காலையில் கீழக்குயில்குடிப் பக்கத்துப் பொட்டலில், மலைக்கும் கண்மாய்க்கும் நடுவே, நில அளவை. முக்காலியின் மேல் ஒரு தொலைநோக்கி. தூரத்தில் எண்கள் எழுதிய கம்பைப் பிடித்தபடி ஒருவர். அந்த எண்ணைப் படித்தால் தரை மேடா, பள்ளமா என்று சொல்லிவிடலாம்.

பழைய கருவி. அதில் எல்லாமே தலைகீழாகத்தான் தெரியும். பழுதல்ல, சுபாவமே அப்படி. முதல் இரண்டு நாளும் பிள்ளைகள் எண்களை மேல்நோக்கிப் படித்துவிட்டார்களாம். தலைகீழ் உலகத்தில் கீழ்நோக்கி அல்லவா படிக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் கண்மாய்த் தண்ணீர் மலை ஏறியதாம்!

எனக்கு இதைச் சொன்னவள் பாண்டிச்செல்வி. மேலூர்ப் பக்கத்துப் பெண். பத்தாவது எழுதியிருக்கிறாள். கருவிக்குப் பின்னால் அவள் நின்றால் கண் இமைப்பதுகூடத் தெரியாது. கம்பு பிடிப்பவன் செல்லூர் காதர். வாய் ஓயாது.

அன்று பெற்றோர் பார்க்க வரும் நாள். பாண்டிச்செல்வியின் அப்பா மலைச்சாமி, விடுதியிலிருந்து மகளின் தகரப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு நேரே பொட்டலுக்கே வந்துவிட்டார்.

"கெளம்பு தாயி."

"இன்னும் அஞ்சு நாள் இருக்குப்பா..."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கண்ணே. என் கிணத்து மோட்டாரு தண்ணியத் தள்ளுது, ஆனா வாய்க்கால் வழியா வடக்கு வயலுக்குப் போய்ச் சேர மாட்டேங்குது. மோட்டாருல கோளாறு. இஞ்சினியர் முகாமு, பிள்ளை மோட்டார் வேலை படிச்சுட்டு வரும்னுதான் அனுப்புனேன். அஞ்சு நாளாச்சு. ஒரு நட்டைக் கழட்டலையாம்! பகல் பூராம் குழாய்க்குள்ள எருமை பார்க்குறாகளாம்!"

"எருமை மட்டும் இல்லய்யா, ஆடும் வரும்" என்றான் காதர்.

நான் சிரிக்கவில்லை. பாண்டிச்செல்வியின் முகம் அப்படி இருந்தது. இப்போது போனால் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும். பாதியில் கூட்டிக்கொண்டு போன பிள்ளையைப் பதினொன்றாவதுக்கு மட்டும் எந்த அப்பா அனுப்பப்போகிறார்?

"இந்தத் தரையப் பார்க்க எதுக்கும்மா குழாயி?" என்றார் மலைச்சாமி. "மலையில இருந்து கண்மாய்க்குச் சாயுது. குருடனுக்கும் தெரியும்."

அவள் நோட்டைப் பார்த்தாள். "பெருசாப் பார்த்தா அப்படித்தான்பா. ஆனா இங்க அடிச்சிருக்க இந்த ரெண்டு முளைக்குச்சிக்கு நடுவுல இருக்க முப்பது அடியில, மலைப் பக்கந்தான் பள்ளம். நாலு விரக்கடை இறக்கம்."

"இருவது வருசமாத் தண்ணி பாய்ச்சுறவன்ட்டயா சொல்ற?"

"ஊத்திப் பார்த்துருவமா?" - இது காதர்.

"ஊத்து! கண்மாய்ப் பக்கம் ஓடுச்சுன்னா பேசாம எங்கூட வரணும்."

"மலைப் பக்கம் ஓடுச்சுன்னாப்பா?"

"ஓடட்டும், பார்ப்போம்."

உண்மையைச் சொல்கிறேன் - நானும் மலைச்சாமி கட்சிதான். என் கண்ணுக்கும் தரை கண்மாய்ப் பக்கம்தான் சாய்ந்தது. 'கருவியை வென்ற விவசாயி' என்று தலைப்பைக்கூட நோட்டில் எழுதிவிட்டேன். அதுவுமில்லாமல், மேல்நோக்கிப் படித்த பிள்ளைகள்தானே இவர்கள்?

ஒரு முளையிலிருந்து மறு முளைவரை குச்சியால் கோடு கீறினார்கள். நடுவில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தான் காதர். மே மாதத்து மண்... ஒரே மூச்சில் குடித்துவிட்டது.

இரண்டாவது குடம். தண்ணீர் தேங்கியது. யோசித்தது. பிறகு கண்மாய்ப் பக்கமாக மெல்ல ஒரு நாக்கை நீட்டியது.

"பார்த்தியா?" என்றார் அப்பா. பெட்டியின் கைப்பிடியில் அவர் கை.

பாண்டிச்செல்வி நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கானல் அசையும் அந்த வெளியில் வேறு எதுவுமே நடக்கவில்லை. காற்று இல்லை. மலையின் நிழல்கூடத் தூங்குவதுபோல் இருந்தது. ஒரு சாண் போன தண்ணீர் ஒரு குழியை நிரப்பியது, நின்றது. பிறகு அதே நிதானத்தோடு, ஏதோ மறந்துபோனதை எடுக்கத் திரும்பும் ஆளைப்போல, மலையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது.

மூன்றாவது குடத்துக்கு அது மலைப் பக்கத்து முளையையே தொட்டுவிட்டது.

மலைச்சாமி உட்கார்ந்துவிட்டார். ஈர மண்ணைத் தொட்டுப் பார்த்தார். மலையைப் பார்த்தார், கண்மாயைப் பார்த்தார்.

"எங்க வடக்கு வயலும்... பார்வைக்குச் சரிவாத்தான் தெரியும்." ஈரக் கோட்டை விரலால் தடவினார். "அப்ப, மோட்டாரு மேல குத்தமில்லையோ?"

"தெரியாதுப்பா" என்றாள் மகள். "வாய்க்காலை அளந்து பார்த்தாத்தான் சொல்ல முடியும்."

ஜெயித்த பெண் சொல்லும் பதிலா இது? எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நோட்டில் எழுதிய தலைப்பை அடித்தேன்.

"அடப்பாவி, ரெண்டு தரம் மோட்டாரைப் பிரிச்சு மேஞ்சுட்டேனே!" என்று எழுந்தார் அவர். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தார். விடுதிப் பக்கம் திரும்பினார். "இதை உள்ள வச்சுட்டு வாரேன். நீ முழுசாப் படிச்சுட்டு வா. வரும்போது அந்தக் குழாயையும் கேட்டு வாங்கிட்டு வா தாயி."

"தர மாட்டாகப்பா!"

"உங்க சாரை நான் கேக்குறேன்."

நம் வீடுகளிலும் பழி சுமந்துகொண்டு ஓடும் மோட்டார்கள் எத்தனை எத்தனையோ... வாய்க்காலை யார் அளந்து பார்த்தோம்?