குப்புறப் படுத்து எடுத்த உள்ளான் படம்

படம் பிடிக்கும் தொழிலில் ‘ஆடாமல் இருங்கள்’ என்று கெஞ்சியே பாதி ஆயுள் போய்விடும்; அதிலும் பறவையிடம் கெஞ்சிப் பார்த்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் என் பாடு புரியும்.

காரைக்குடியில் நான் ஸ்டூடியோ வைத்திருந்த காலம். ரங்கூனில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பறவைப் படம் பார்த்து ஆசைப்பட்ட செட்டியார் ஒருவர், தம் புது வீட்டுக்கு, கடற்கரை மணலில் ஓடித் திரியும் உள்ளான் குருவி படம் ஒன்று கேட்டார். குள்ளமான மனிதர், குரல் மட்டும் கனம். படம் மனசுக்குப் பிடித்தால் அந்த வீட்டார் அத்தனை பேரையும் எடுக்கும் வேலை எனக்கு; இல்லாவிட்டால் முன்பு அவர்களைப் படம் எடுத்த மதுரைக்காரருக்கு. எனக்குத்தான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

ஆசாரியின் வருத்தம்

நின்றபடி எடுத்தால் உள்ளான் மணலோடு மணலாகப் போய்விடும். அதன் கண் மட்டத்துக்கு நாம் இறங்க வேண்டும். காமிராவைத் தாங்கும் முக்காலியை ஆசாரியிடம் கொடுத்து, ஒரு சாண் கால் மட்டும் விட்டு மிச்சத்தை அறுக்கச் சொன்னேன். தேக்குக் காலைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “நல்லாத்தானே நிக்குது, இத ஏன் நொண்டியாக்கச் சொல்றீக?”

தொண்டிக் கடற்கரையில்

ஈர மணலில் குப்புறப் படுத்து, கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு காத்திருந்தேன். வயிற்றுக்கடியில் தண்ணீர் வந்து வந்து போனது. எதிரே ஓடிக்கொண்டிருந்த உள்ளான்களில் ஒன்று, என்ன நினைத்ததோ, நேராக வந்து நின்று என்னைப் பார்த்தது. எடுத்துவிட்டேன். துணியை விலக்கினால் சுற்றிலும் மீனவர்கள். கூடையோடு நின்ற ஓர் அம்மாள் சொன்னார்: “நாங்க கண்ணி வச்சுப் பிடிச்சுக் குழம்பு வைக்கிறோம். நீக என்னடான்னா விழுந்து கும்பிடுறீக.”

செட்டியார் தீர்ப்பு

படத்தில் உள்ளானின் தலை வானத்தில் இருந்தது. பின்னால் நின்ற தோணி அதன் கால் உயரம்கூட இல்லை. செட்டியார் முகம் சுளித்தார். “கையில அடங்குற குருவி. இங்க ஆள் உசரத்துக்கு நிக்குதே” என்றார். மதுரைக்காரர் என் கண் முன்னால் வந்து போனார். ஆனாலும் குரலை இறக்காமல், “படுத்துக்கொண்டு எடுத்தால் எதிரில் நிற்பது எதுவும் நெட்டையாகத்தான் விழும்” என்றேன்.

செட்டியார் சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே மதுரைக்காரர் எடுத்த படம் மாட்டியிருந்தது. அதில் செட்டியார் தம் தம்பியின் தோளுக்குக் கீழே நின்றார். அதையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மனைவி இருந்த உள்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கனத்த குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அப்ப என்னையும் படுத்துக்கிட்டே எடுங்க. ஆச்சிகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீக.”

அன்று முதல் அந்த வீட்டுச் சுவரில் எல்லோரும் நெட்டையானவர்கள். என் சட்டைகளில் மட்டும் முன்பக்க அழுக்குப் போகவே இல்லை.