பொட்டு வைத்த நட்டுகள்

அன்று கிணற்றுக்குள் நான்கு பேர் இருந்தோம். கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு வைத்திருக்கும் நான். அடுத்த பங்குக்காரர், சேரன்மகாதேவியில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. மூன்றாவது பங்குக்காரர், சவுதியிலிருந்து விடுப்பில் வந்திருந்த காக்கா; எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான்காவது ஆள், அண்ணாச்சி கூட்டிவந்த ஸ்கூட்டர் மெக்கானிக். பம்புசெட்டுக்கு எதற்கு ஸ்கூட்டர் மெக்கானிக் என்று கேட்கக் கூடாது. அவன் கடையில் அண்ணாச்சிக்கு வாடகைப் பாக்கி இருந்தது. அதனால் கூலி கொடுக்க வேண்டாம்.

எங்கள் மோட்டார் கிணற்றின் பாதி ஆழத்தில் ஒரு சிமெண்டுத் திட்டில் இருக்கிறது. அணையைத் திறந்து கால்வாய் நிறைந்து ஓடினால் ஊற்று பெருகித் தண்ணீர் திட்டுக்கு ஏறிவிடும். அதற்குள், அதைத் திட்டோடு இறுக்கியிருக்கும் நான்கு நட்டுகளையும் கழற்றி, மோட்டாரைக் கயிறு கட்டி மேலே தூக்கிவிட வேண்டும். முங்கினால் உள்ளே சுற்றியிருக்கும் செம்புக்கம்பிக் காயில் போச்சு. தை பிறந்தால் என் வாழைக்குத் தண்ணீர் இல்லை. அந்த வாழை, என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து நட்ட வாழை.

பத்து வருஷமாகத் தண்ணீர் அவ்வளவு ஏறாததால் அந்த நட்டுகளை யாரும் கழற்றியதில்லை. இந்த ஐப்பசி பிறந்த அன்றே சொன்னேன், நட்டை இளக்கி வைப்போம் என்று. "மழை வரட்டும்லே, பாப்போம்" என்றார் அண்ணாச்சி. மின் இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது. அதனால் நட்டும் அவர் பெயரில் இருப்பதாக அவருக்கு நினைப்பு. மழை வந்தது. நான் குழாய்களைக் கழற்றி வைத்துவிட்டு, ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அது பையில் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி அவருக்காகக் காத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வந்தார். தண்ணீர் அப்போது திட்டுக்கு இரண்டு படி கீழே நின்றது.

சுவர் பக்கத்து நட்டுகள் இரண்டும் ஸ்பானரை வைத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தன. அந்தப் பக்கம் கிரீஸ் ஒழுகும். ஒழுகுவதை யாரும் சரிசெய்யவில்லை என்பதால் அந்த இரண்டும் பிழைத்துக் கிடந்தன. முன்பக்கத்து நட்டுகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"அண்ணாச்சி, இந்தப் பக்கத்து நட்டு எங்க?" என்று மெக்கானிக் கேட்டான்.

"சந்தனத்துக்குள்ள இருக்குலே. சுரண்டிப் பாரு."

வருஷா வருஷம் ஆயுதபூசைக்கு அண்ணாச்சி கிணற்றில் இறங்குவார். மோட்டார்மேல் தண்ணீர் தெளிப்பார். கைக்கு எட்டுகிற இரண்டு நட்டுகளுக்கும் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பார். எலுமிச்சம்பழத்தை அறுத்து அவற்றின்மேலேயே பிழிவார். வருஷம் முழுக்க ஒரு சொட்டு எண்ணெய் காட்டமாட்டார். புளிப்பையும் ஈரத்தையும் மட்டும் பக்தியோடு ஊட்டி வளர்த்த துரு அது. சுரண்டச் சுரண்ட வந்தது. நட்டு எது, போல்ட் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒரே கட்டியாகக் கிடந்தது.

முதலில் சீமெண்ணெய் ஊற்றினார்கள். ஊறட்டும் என்று அண்ணாச்சி வெற்றிலை போட்டார். ஒரு வாய் வெற்றிலை நேரத்தில் பத்து வருஷத் துரு ஊறிவிடும் என்பது அவர் கணக்கு.

"அங்கனலாம் இதுக்குன்னே ஒரு ஸ்பிரே இருக்கு. அடிச்சா அஞ்சு நிமிசம்" என்றார் காக்கா.

"இங்கன கொண்டாந்திருக்கீரா பாய்?"

"கொண்டாந்தேன். மச்சான் செண்டுன்னு நெனச்சு எடுத்துட்டுப் போயிட்டாரு."

போனில் ஒரு வீடியோவையும் காட்டினார். எவனோ ஒருவன் துருப்பிடித்த போல்ட்டின்மேல் குடிக்கிற கலர் சோடாவை ஊற்றுகிறான். "கலர் ஊத்துனா கழண்டுருமாம்" என்றார் காக்கா. "அப்பம் ரெண்டு வாங்கும், ஒண்ணு எனக்கு" என்றார் அண்ணாச்சி. மூன்று பேரும் சிரித்தார்கள். ஒரு படி முங்கியது.

மெக்கானிக்கிடம் இருந்தது ஒரே ஸ்பானர். வாயை அகட்டிச் சுருக்குகிற ரகம். அதன் பிடியில் நான் கழற்றி வைத்திருந்த குழாய்த்துண்டைச் செருகி, காலை ஊன்றித் தொங்கினான். ஸ்பானர் வழுக்கியது. நட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையானது. இனி அதை எந்த ஸ்பானரும் பிடிக்காது. அடுத்துத் துணியைச் சுற்றித் தீ வைத்துச் சூடேற்றலாம் என்றான். திட்டெல்லாம் சீமெண்ணெய். நாலு பேரும் அதில்தான் நிற்கிறோம். அவன் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தேன்.

"ஏலே, தீப்பெட்டிக்கு என்ன வெல தெரியுமா?" என்றார் அண்ணாச்சி.

எனக்கு இரும்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. பயப்பட மட்டும் தெரியும். அந்தப் பயத்தில்தான் மடியில் ஓர் ஆக்சா பிளேடைச் செருகிக்கொண்டு வந்திருந்தேன். அதை வெளியே எடுத்தேன்.

"அண்ணாச்சி, ரெண்டு போல்ட்டையும் அறுத்துருவோம். புது போல்ட் நான் வாங்கித் தாரேன்."

"வெள்ளிக்கெழமையும் அதுவுமா, பூச வச்ச எடத்துல ரம்பத்த வைக்கச் சொல்லுதியோ? எட்டாங்கிளாஸோட நின்ன பய, எனக்கு வெவரம் சொல்லுதான் பாரும் பாய்."

"அவன் சொல்லுததும் ஒரு வழிதான அண்ணாச்சி" என்றார் காக்கா, பைய.

"நாளைக்கி அறுக்கட்டும்வே. தண்ணி எங்க ஓடியா போவுது?"

ஓடிப் போகவில்லைதான். ஏறி வந்தது. காலையில் எட்டிப் பார்த்தேன். மோட்டார் இருந்த இடத்துக்கு மேலே, ஆயுதபூசை எலுமிச்சை மூடி ஒன்று கவிழ்ந்து மிதந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை அறுக்கலாம் என்று சொன்னவரின் செருப்புத் தடம்கூட அந்தப் பக்கம் விழவில்லை.

தையில் தண்ணீர் வடிந்ததும், காயில் கட்டுகிறவர் வந்து இரண்டு போல்ட்டையும் அறுத்து எறிந்தார். அவர் கிழமை கேட்கவில்லை. கூலி பத்தாயிரத்து எண்ணூறு. பங்குக்கு மூவாயிரத்து அறுநூறு. காக்கா சவுதியிலிருந்து அன்றே போனில் அனுப்பிவிட்டார். நான் கடன் வாங்கிக் கொடுத்தேன். மோட்டார் திரும்பி வருவதற்குள் என் வாழையில் பாதி தலை சாய்ந்துவிட்டது. அண்ணாச்சி அறுநூறு கொடுத்து, "மிச்சத்தப் பெறகு பாப்போம்" என்றார். பாப்போம் என்கிற அந்தச் சொல்லில்தான் அவர் கடை நடக்கிறது.

அடுத்த ஆயுதபூசைக்குப் புது போல்ட், புது நட்டுகள் மினுங்கின. அண்ணாச்சி சந்தனக் கிண்ணத்தோடு இறங்கினார். இந்த முறை சுவரோரமாகக் குனிந்து, வயிறு மடங்க, மூச்சு வாங்க, பின்பக்கத்து நட்டுகளுக்கும் சந்தனம் அப்பினார்.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"போன தடவ இந்த ரெண்டுக்கும் பொட்டு வைக்காம விட்டுட்டோம்லா? அதான்லே மோட்டார் முங்கிட்டு."

அவருக்கும் சேர்த்து நான் கட்டிய பாக்கியைக் கேட்டேன். "நல்ல நாளும் அதுவுமா துட்டுப் பேச்சு பேசுத பாரு" என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார்.

அவர் வண்டிச் சத்தம் அடங்கிய பிறகு இறங்கி, நான்கு நட்டுகளையும் துடைத்துக் கிரீஸ் தடவினேன். கிரீஸ் என் காசில் வாங்கியது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அண்ணாச்சி தர வேண்டியது மூவாயிரம் ரூபாய்.