மண்டோர் இல்லாத அஞ்சலை

சாவி கொடுக்கும் நாள் காலையில் புரோகிராம் படுத்துவிட்டது. திரையில் ‘பேட் ரெக்கார்ட் நம்பர்’ என்று ஒரே வரி.

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான பழைய லயத்தை இடிக்கப் போகிறார்கள். யாருக்கு எந்தப் புது வீடு என்ற சீட்டை பேசிக் மொழியில் நாங்கள் எழுதித் தந்த புரோகிராம் அச்சடிக்க வேண்டும். சீட்டு இருந்தால்தான் சாவி.

காரணத்தை நான்தான் கண்டுபிடித்தேன். அதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு. ஒவ்வொரு ஆளையும் வேலை வாங்கும் மேஸ்திரியான மண்டோரின் எண்ணை எடுத்து, அதை வைத்து மண்டோர் பெயரைத் தேடிச் சீட்டில் போடுவதுதான் புரோகிராமின் வேலை. அஞ்சலையோ தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகை ஆயா. பால் எடுக்க மரம் வெட்டப் போகாதவருக்கு மண்டோர் ஏது? இல்லாத எண்ணுக்குப் பெயர் தேடப்போய் புரோகிராம் நின்றுவிட்டது. எழுதியவர் என் சீனியர் சிவராஜா, கோலாலம்பூர்க்காரர். தோட்டம் என்றால் எல்லாரும் ஒரு மண்டோருக்குக் கீழேதான் என்று நினைத்துவிட்டார். நான் லயத்துப் பிள்ளை.

அவர் ஒரு வரி சேர்த்தார்: மண்டோர் இல்லையா, அடுத்த ஆளுக்குப் போ. புரோகிராம் சமர்த்தாக ஓடி முடிந்தது.

“செட்டில் லா,” என்றார்.

ஆபீஸ் கணக்கரான கிராணி சீட்டெல்லாம் கொடுத்து முடித்தபோது அஞ்சலை மட்டும் வெறுங்கையோடு நின்றார்.

“எனக்கு வரலியே சார். வீடு இல்லியா?”

“கம்ப்யூட்டர்ல வரலன்னா நான் என்னம்மா செய்ய?” என்றார் கிராணி.

நாளைக்கு லயம் இருக்காது.

“அண்ணே, அவங்களுக்கு மண்டோர்தான் இல்ல. வீடு இருக்குல்ல?” என்றேன் சிவராஜாவிடம்.

“ஒரு ஆளுக்காக மறுபடியும் ஓட்டணுமா?”

“ஆமா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க.”

மண்டோர் எண் இருந்தால் பெயரைத் தேடு. இல்லாவிட்டால் அந்த இடத்தில் ‘ஆபீஸ்’ என்று போடு. மீதியை வழக்கம்போல் அச்சடி. அவ்வளவுதான் நான் எழுதியது. பிரிண்டர் கிறீச்சிட்டுச் சீட்டைத் தள்ளியது. அஞ்சலை சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

இன்று ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் பிள்ளைகள் நீங்கள் இதற்கு ஒரு கேள்விக்குறியும் புள்ளியும் (?.) போடுகிறீர்கள். நல்ல வசதி, நானும் போட்டிருக்கிறேன். மதிப்பு இல்லாத இடத்திலும் புரோகிராம் விழாது. ஆனால் அது பாதி வேலைதான். பக்கத்திலேயே இரண்டு கேள்விக்குறி (??) போட்டு, இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதையும் எழுதிவிடுங்கள். புரோகிராம் விழுந்தால் ஊரே ஓடி வரும். அது சத்தமில்லாமல் தாண்டிப் போன ஆள் வாசலில் தனியாகத்தான் நிற்பார்.