இரண்டு ரிங், ஒரு இலைச் சாப்பாடு

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. என் வீட்டு டெலிபோன் அடிக்கவில்லை.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? பொறுங்கள், சொல்கிறேன். எனக்கு இன்னும் படபடப்பே அடங்கவில்லை!

பீளமேட்டில் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறோம். தனியாக இருக்கும் பெரியவர்களுக்காக. தினமும் காலை ஏழு மணிக்கு அவர்கள் எங்களுக்கு டயல் செய்து, இரண்டு ரிங் விட்டு வைத்துவிட வேண்டும். 'நான் நல்லா இருக்கேன்' என்று அர்த்தம். நாங்கள் எடுக்க மாட்டோம். ரிங் வரவில்லையா... ஓடிப் போய்ப் பார்ப்போம். அவசரத்துக்கு அவர்கள் வீட்டுச் சாவி ஒன்று எதிர்வீட்டில் இருக்கும்.

என் பொறுப்பில் இருப்பவர் ரங்கசாமி ஐயா. மில்லில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். மனைவி காலமாகிவிட்டார். மகன் பம்பாயில்.

போன மாதம் ஒரு நாள் அவரிடமிருந்து ரிங் வரவில்லை. அடித்துப் பிடித்து மொபெட்டில் பறந்தேன். கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே மனிதர் வாழை இலை போட்டு, ஆவி பறக்க எங்கள் ஊர் அரிசியும் பருப்பும் சாதத்தோடு நிற்கிறார்!

"வாங்கம்மணி. நெய் ஊத்தட்டுங்களா?"

"ஏனுங்க ஐயா, ரிங் என்னாச்சுங்க?"

"அடிச்சா நீங்க வரமாட்டீங்களே..."

கோபம் கோபமாக வந்தது. சாப்பிட்டுவிட்டேன். அந்த மணத்தை வைத்துக்கொண்டு யாரால் கோபப்பட முடியும்?

போன திங்கட்கிழமை மறுபடியும் அதே கதை. அதே இலை, அதே சிரிப்பு. இந்த முறை நான் உட்காரவே இல்லை. "நெசமாலுமே ஒரு நாள் நீங்க உளுந்து கெடந்தா, சோறுதான்னு நெனச்சு நாங்க வராமப் போயிருவோமுங்க! இன்னொருக்கா இப்படிச் செஞ்சா சங்கத்துல பேரை அடிச்சுப்போடுவாங்க" என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "தப்புத்தானுங்கம்மணி. இனிமே தவறாதுங்க."

மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. ஏழு அடித்தது. ஏழு ஐந்து. ஏழு பத்து. போன் ஊமையாக இருந்தது.

'மறுபடியும் இலை போட்டாச்சு! இன்றைக்குப் போகவே போவதில்லை' என்று காபியோடு உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், உட்கார்ந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் கணவர் கேட்டார்: "நேத்து அத்தனை பேச்சு வாங்குன மனுசன், இன்னிக்கே மறுபடி செய்வாரா?"

சுரீர் என்றது. காபியை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

கதவு உள்ளே பூட்டியிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. எதிர்வீட்டு டெய்லர் பாய் சாவியோடு ஓடிவந்தார். திறந்தால்... பாத்ரூம் வாசலில் விழுந்து கிடக்கிறார் ரங்கசாமி ஐயா. நல்லவேளை, நினைவு இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"அம்மணி... சத்தியமா இன்னிக்குச் சோறு ஆக்கலீங்க!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பாய் வாடகைக் கார் பிடித்துவந்தார். ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்பு முறிவு என்றார்கள். மறுநாளே ஆபரேஷன். பிழைத்துக்கொண்டார்! நடந்துவிடுவார் என்று டாக்டர் சொன்னதும் நானும் பாயும் வராந்தாவிலேயே கைதட்டிவிட்டோம். நர்ஸிடம் திட்டு வாங்கினோம். வாங்கினால் என்ன?

அன்று மாலையே சங்கத்தைக் கூட்டினேன். விழுந்தால் தூக்குவதற்கு ஆள் ஏற்பாடு செய்திருந்தோம். விழாத நாளில் எதிரே உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! இனி ஞாயிறுதோறும், ரிங் வந்தாலும் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். எல்லோருமே கை தூக்கினார்கள்.

முதல் ஞாயிறு என் முறை. கேரியரில் அரிசியும் பருப்பும் சாதம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு தட்டு போட்டுக்கொண்டேன். ஐயா ஒரு வாய் வைத்தார். மென்றார். யோசித்தார்.

"நெய் பத்தலீங்க, அம்மணி."