இடப்பக்கம் திரும்பும் ஆசனம்

"தலைகீழா நிண்டா கண்ணுக்குள்ள பிரஷர் ஏறும். இனிமேல் நிக்கக் கூடாது, விளங்குதோ?" என்றார் கண் டாக்டர். வெஸ்ட் வின்ட்சரில் கிளினிக் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். எனக்குத்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கல்லூரி நாளிலிருந்து விடாமல் செய்துவரும் சிரசாசனம். பிரசவத்துக்குப் பிறகு, வேலை போன மாதங்களில், இந்த நாட்டுக்கு வந்து பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லாத முதல் குளிர்காலத்தில், என்னை நிமிர்த்தி வைத்திருந்ததே அதுதான். அதைப் போய் விடு என்றால் எப்படி?

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. சில மாதங்களாகவே எனக்கு இடது ஓரம் மங்கியிருந்தது. கார் ஓட்டும்போது பக்கத்து லேனில் வண்டி திடீரென்று முளைத்தது போல வந்து நிற்கும். நான் என்ன செய்தேன்? சிரசாசனம் கண்ணுக்கு நல்லது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள் ஆயிற்றே! தினமும் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன். அதை டாக்டரிடம் பெருமையாக வேறு சொன்னேன். அவர் டைப் செய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"ஐயோ அம்மா, இது கிளாக்கோமா. போன பார்வை திரும்பி வராது. இருக்கிறதையாவது காப்பாத்துவம்."

மறுநாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யோகா மேட்டை விரிப்பேன், சுருட்டுவேன், மறுபடி விரிப்பேன். தலை தாழ்கிற எதுவும் கூடாதாம். அப்புறம் மிச்சம் என்ன இருக்கிறது? நாற்காலியில் உட்கார்ந்து கையை மேலே தூக்குவதா? ஒரு நாள் அதையும் செய்து பார்த்தேன். பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிறவள் மாதிரி இருந்தது. எழுந்து அபார்ட்மென்ட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன்.

"ஏன் இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தற? காபி ஆறுது, வந்து உக்காரு" என்றார் என் கணவர்.

"நீங்க வேணா உக்காருங்க!" என்று எரிந்து விழுந்தேன். பாவம் மனிதர், பையை எடுத்துக்கொண்டு பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு ரயில் பிடிக்கப் போய்விட்டார்.

அந்த வாரக் கடைசியில் நம்மூர் மளிகை வாங்க மகளோடு ஐசலின் போனேன். ஓக் ட்ரீ ரோட்டில் சனிக்கிழமைக் கூட்டம். ஹைஸ்கூல் படிக்கிற பெண், பொதுவாகப் பத்தடி தள்ளித்தான் நடப்பாள். அன்றைக்கு என் கையைக் கோத்துக்கொண்டு கூடவே வந்தாள். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

"என்னடி, போன் மாத்தணுமா?"

"நோ, அம்மா" என்று சிரித்தாள். கையை மட்டும் விடவில்லை.

பிறகு ஒரு காலை, கணவர் கிளம்பிப் போய், மகளுக்கும் ஸ்கூல் பஸ் நேரம் தாண்டியதும், என்னால் முடியவில்லை. ஒரே ஒரு தடவை, யாருக்குத் தெரியப் போகிறது என்று சுவரோரம் மேட்டை விரித்தேன். முட்டி போட்டு, விரல்களைக் கோத்து, உச்சந்தலையை மடித்த போர்வையில் வைத்து இடுப்பைத் தூக்கினேன். கண்ணுக்குப் பின்னால் அந்தக் கனம் வந்து இறங்கியது. இத்தனை வருஷம் சுகமாக இருந்த அதே கனம்.  காலைத் தூக்காமலே கீழே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். மிச்சமிருக்கிற பார்வையும் போய்விட்டால் என்னடி பண்ணுவாய் என்று என்னையே கேட்டுக்கொண்டு, வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.

அழுது முடித்து, வேறு ஒன்றும் தோன்றாமல் எழுந்து நின்றேன். வெறுமனே, இரண்டு காலில். சும்மாவும் நிற்க முடியவில்லை. மூச்சை இழுத்துக் கழுத்தை மெல்ல இடப்பக்கம் திருப்பினேன். ஜன்னல் வந்தது. பிறகு ஃபிரிட்ஜ். கண் எதையெல்லாம் விட்டுவிடுகிறது என்று பார்த்துவிடலாம் என்ற வீம்பில் இன்னும் திருப்பினேன்.

என் தோளுக்கு இரண்டடியில் மகள் நின்றிருந்தாள். முதுகில் ஸ்கூல் பை. விழுந்தால் தாங்கிப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன.

"எவ்ளோ நேரமா இங்க நிக்கற?"

"த ஹோல் டைம், அம்மா."

அருகில் வந்து என் கையைக் கோத்துக்கொண்டாள். ஓக் ட்ரீ ரோட்டில் பிடித்த அதே இடது கை.