நான் அறுத்துத் திறந்த அட்டை

என் வாப்பா கல்முனையில் துணிக்கடை வைத்திருந்தார். கொள்முதலுக்குப் போனால் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து, துணியை விரலுக்கிடையில் கசக்கிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். நான் ஆங்கில ஆசிரியனாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தப் பழக்கம் மட்டும் என் கையைவிட்டுப் போகவில்லை.

என்னோடு படிப்பித்த கத்தோலிக்க நண்பர் ஒருவரிடம், சேகரிப்பவர்கள் பெரிய விலை கொடுத்து வாங்குகிற பழைய பேஸ்போல் அட்டை ஒன்று இருந்தது. அமெரிக்காவில் இறந்துபோன அண்ணன் விட்டுச்சென்றது. சீட்டு விளையாடுகிற சீட்டின் அளவு. எங்கள் எல்லே விளையாட்டுக்காரனைப் போல மட்டையைத் தூக்கி நிற்கும் ஒருவரின் படம். தரம் பார்க்கும் கம்பனி ஒன்று அதைத் தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒட்டி மூடி, பத்துக்கு ஏழு என்று மேலே பதித்திருந்தது.

அவர் மனைவிக்குக் கண்புரை. தனியார் ஆஸ்பத்திரியில் உடனே ஒப்பரேஷன் செய்யலாம், காசுதான் இல்லை. கடன் கேட்கமாட்டார், சும்மா கொடுத்தாலும் தொடமாட்டார். ஆகவே அட்டையை நானே வாங்கி, கனடாவிலுள்ள மகள் மூலம் விற்றுக்கொள்வதாகச் சொன்னேன். அதே அட்டை அதே தரத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று இணையத்தில் பார்த்தேன். அதைக் கொடுக்க, மக்காவுக்கு உம்ரா போகவென்று சேர்த்த காசு அனேகமாக முழுவதும் வேண்டும்.

"வெச்சுப் பாருங்க நானா, அவசரமில்ல," என்று அட்டையைத் தந்தார். எங்களவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற அந்தச் சொல்லால்தான் அவர் என்னை எப்போதும் கூப்பிடுவார். "வாப்பாட கடை எண்டு நினைச்சுக் கசக்கிப்போடாதீங்க."

இருவரும் சிரித்தோம்.

மறுநாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து, இரும்பறுக்கும் வாளால் அந்தப் பெட்டியை அறுத்தேன். கையால் தொட்டுப் பார்க்கவேண்டும் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தையும் எழுதுகிறேன். உள்ளே ஒரு குறை கண்டால் விலையைக் குறைத்துக் கேட்கலாம் என்று நினைத்தேன்.

குறை இருக்கவில்லை. மூலைகள் சற்று மழுங்கல், படம் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி. ஏழு சரியான தரம்தான். ஆனால் வாளின் பல் ஓர் ஓரத்தைச் சுரண்டியிருந்தது.

மகளிடம் சொன்னபோது அவள் கத்தினாள். "வாப்பா! மூடியிருந்தபடியாத்தானே அந்த விலை. இனி ஆர் நம்புவான்? திரும்ப அனுப்பினாலும் அந்தக் கீறலுக்கு ஏழு தரமாட்டாங்க."

பசை வாங்கி ஒட்டிப் பார்த்தேன். பெட்டியில் வெள்ளையாகப் புகை படர்ந்ததுதான் மிச்சம். பிடிக்கவில்லை என்று சொல்லி அப்படியே திருப்பிக் கொடுக்கலாமா என்றும் யோசித்தேன். யோசித்ததே போதும், நான் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வங்கிக்குப் போய் உம்ராக் காசை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

அட்டையையும் இரண்டு துண்டான பெட்டியையும் முழுக் காசையும் மேசையில் வைத்துவிட்டு, விலை குறைக்க நினைத்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் அட்டையைத் தொடவில்லை.

"என்னில நம்பிக்கை இல்லையெண்டா கேட்டிருக்கலாமே."

"ஓம். கேட்டிருக்கணும்."

"உடைஞ்ச சாமானுக்கு முழுவிலை எனக்கு வேணாம்."

"மாஸ்டர், எங்கட வாப்பாட கடையில ஒரு அறிவித்தல் போட் தொங்கினது ஞாபகமா? வெட்டின துணி திருப்பி எடுக்கப்படாது எண்டு. கத்தரிக்கோல் வெச்சவன்தான் வாங்கினவன். வாள் வெச்சது நான். இது உதவியில்ல, நீங்க வித்த சாமானுக்கு விலை."

கறுப்புக் கண்ணாடி போடப்போகிற அவர் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "வாங்குங்க. அவரும் நிம்மதியாப் படுக்கட்டும்."

வாங்கினார். கண் நன்றாக வந்துவிட்டது. உம்ராவுக்கு மறுபடியும் முதலிலிருந்து சேர்க்கிறேன். இந்த வயதில் முடியுமா தெரியாது, ஆனாலும் சேர்ப்பேன்.

அவர் இப்போது என்னை நானா என்பதில்லை. "வாங்க சேர்," என்று மரியாதை வைத்துச் சொல்கிறார். தேநீர் வருகிறது, கதையும் வருகிறது, பகிடியும் சிரிப்பும் மட்டும் வருவதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஒவ்வொரு கிழமையும் போகிறேன். அவர் வாயால் நானா என்று வரும்வரை போவேன். வராவிட்டாலும் போவேன்.